எத்தனை இட்லி, எதோடு?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி காலைப் பலகாரத்தைப் பற்றியவை. மாவு பொங்கவில்லை, பிள்ளை சாப்பிடவில்லை, சுகர் ஏறுகிறது என்று மூன்று மூட்டையாகவே கட்டிவிடலாம். வயது, எடை, சாப்பிடுகிற மாத்திரை எதையும் எழுதாமல் ‘காலையில் என்ன சாப்பிடலாம்?’ என்று ஒரே வரியில் கேட்ட ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே பதில்: மறுபடி எழுதுங்கள்.

எனக்கு ஐந்து வருடமாகச் சுகர். இட்லி சாப்பிடலாமா, கூடாதா? (விருதுநகர்)

சாப்பிடலாம். எத்தனை, எதோடு என்று நீங்கள் எழுதவில்லையே! வீட்டு இட்லி ஒன்று ஏறக்குறைய 40 கிராம் இருக்கும், 50, 60 கலோரி வரும். மூன்று இட்லி, காய் கண்ணுக்குத் தெரிகிற கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு அவித்த முட்டை என்று சாப்பிடுகிறவரும் இட்லி சாப்பிட்டேன் என்கிறார். ஆறு இட்லியை நீர்ச் சட்னியில் ஊறப்போட்டு விழுங்கிவிட்டு, இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபியையும் குடித்தவரும் அதையேதான் சொல்கிறார். முட்டை ஆகாதென்றால் ஒரு கைப்பிடி பயறுச் சுண்டல் வையுங்கள். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மூன்று நாள் பார்த்துக் குறித்து வைத்தால், உங்கள் உடம்புக்கு எத்தனை இட்லி என்பதை என்னைவிடத் தெளிவாக அதுவே சொல்லிவிடும். மாத்திரையையும் ஊசியையும் மட்டும் நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

எண்ணெயே தொடுவதில்லை. காலையில் நான்கு இட்லியும் பொடியும் மட்டும்தான். ஆனாலும் எடை குறையவில்லையே? (சேலம்)

பொடியை எதில் குழைக்கிறீர்கள்? நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. நான்கு இட்லிக்கு இரண்டு கரண்டி சாதாரணமாகப் போய்விடும். அதாவது நான்கு இட்லிக்கு மேலே இன்னொரு நான்கு இட்லியை ஊற்றிக்கொள்கிறீர்கள். அளவுக் கரண்டி வாங்குங்கள். பாட்டிலிலிருந்து நேராகச் சாய்க்காதீர்கள்.

கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்தோம். மாவு பொங்குவதே இல்லை. சோடா உப்பு போடலாமா? (நீலகிரி)

போடாதீர்கள். சோடா காற்றைத் தரும், புளிப்பைத் தராது. மாவைப் பொங்க வைப்பது உளுந்தோடும் அரிசியோடும் வருகிற நுண்ணுயிர்கள். அவற்றுக்கு 30 டிகிரி சூடு இருந்தால் எட்டு, பத்து மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். உங்கள் ஊர்க் குளிரில் பதினாறு மணி நேரம் கூட ஆகும். முதல் நாள் மத்தியானமே அரைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு கரண்டி வெந்தயம் சேர்த்து அரையுங்கள். கிரைண்டரில் நாலுக்கு ஒன்று உளுந்து போதும், மிக்ஸியென்றால் மூன்றுக்கு ஒன்று. இத்தனைக்குப் பிறகும் பொங்கவில்லை என்றால் உளுந்து பழசு. கடையை மாற்றுங்கள்.

தினமும் பழம் மட்டும் சாப்பிட்டால் போதுமா? (சென்னை)

போதாது. பதினொரு மணிக்கு ஆபீஸ் கேன்டீனில் வடையோடு உங்களைப் பார்க்கலாம்.

என் கணவர் கொத்தமல்லிச் சட்னி சோப்பு மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறார். இருபது வருடமாக இதே நாடகம். எப்படித் திருத்துவது? (தஞ்சாவூர்)

அம்மா, இது நாடகம் இல்லை. கொத்தமல்லித் தழையில் ஆல்டிஹைடு என்ற வகை வாசனைப் பொருட்கள் இருக்கின்றன. சோப்பிலும் அதே வகைதான் வாசனை தருகிறது. அந்த வாசனையை மூக்கு அதிகமாகப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு மரபணு வேறுபாடு காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். உங்களுக்கு மணப்பது அவருக்கு நிஜமாகவே நாறுகிறது. தழையை நன்றாக வதக்கி விழுதாக அரைத்தால் அந்த வாசனை கொஞ்சம் அடங்கும். அதுவும் ஆகவில்லையென்றால் புதினா, கறிவேப்பிலை, பீர்க்கங்காய்த் தோல் என்று சட்னிக்கா பஞ்சம்? இருபது வருடம் பொறுத்திருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள்.

பழைய சோற்றில் இரவோடு இரவாக இரும்புச்சத்து 3.4 மில்லிகிராமிலிருந்து 73.9 மில்லிகிராமாக உயர்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்கு ரத்தசோகை. மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே சாப்பிடலாமா? (கும்பகோணம்)

மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இரும்பு ஒரு தனிமம். பானைத் தண்ணீரில் இருக்கிற பாக்டீரியாவால் இரும்பை உண்டாக்க முடியாது. தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் கூட இரும்பு தேறாது. விடிவதற்குள் அது எழுபதாக வேண்டுமென்றால் யாராவது பானைக்குள் ஆணியைப் போட்டிருக்க வேண்டும். புளிக்கும்போது நடப்பது வேறு. இரும்பை உடம்புக்குக் கிடைக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் என்ற பொருள் உடைகிறது. அதனால் இருக்கிற கொஞ்ச இரும்பு இன்னும் நன்றாக உட்கிரகிக்கப்படுகிறது. அவ்வளவுதான். ஒரு பெண்ணுக்கு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம் என்று நம் நாட்டுக் கணக்கு சொல்கிறது. ஒரு கிண்ணம் பழையதில் 73 இருந்தால், தலைமுறை தலைமுறையாக அதைக் கரைத்துக் குடித்த நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை ஏன்?

பழைய சோறு எனக்குப் பிடிக்கும். கோடையில் வாரத்துக்கு நான்கு நாள் எங்கள் வீட்டில் அதுதான். மோர் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிடுங்கள், வயிற்றுக்கு இதமானது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்கு இது உதவுமா என்று ஆராய்ச்சியே எடுத்துச் செய்தார்கள். அதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம், இல்லாத இரும்பை அதன் தலையில் கட்ட வேண்டாம். மோர்மிளகாயை எண்ணிச் சாப்பிடுங்கள், உப்பு அதிகம். சோறு ஆறியதும் சுத்தமான பாத்திரத்தில் முழுகத் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். ராத்திரி பூராவும் சும்மா வெளியில் கிடந்த சோற்றுக்குக் காலையில் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது.

கொலஸ்ட்ராலுக்கு ஓட்ஸ்தான் மருந்து என்கிறார்கள். எனக்கு அந்தக் கொழகொழப்பு பிடிக்கவே இல்லை. (கோயம்புத்தூர்)

அந்தக் கொழகொழப்பில்தான் விஷயமே இருக்கிறது. அது பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து. நாளைக்கு 3 கிராம் சேர்ந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் ஓரளவு குறையும். அதற்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் தினமும் சாப்பிட வேண்டும், வாரம் ஒரு நாள் ஒரு கரண்டி போதாது. பாலில் காய்ச்சிக் குடிக்கத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? பொடித்து வெங்காயம், சீரகம் போட்டுத் தோசையாக வாருங்கள். அதுவும் இறங்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பயறும் கீரையும் காயும் உள்ள அடை இருக்கிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிற எதையும் மூன்று வாரத்துக்கு மேல் யாரும் தொடர்ந்து நான் பார்த்ததில்லை. கடைசியாக ஒன்று. மசாலா ஓட்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தில் சோடியம் எவ்வளவு என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

தைராய்டு மாத்திரையைக் காபியோடு போட்டுக்கொள்ளலாமா? (நாகர்கோவில்)

கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். இதை நான் எழுதுவது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஏழு வயது மகன் உப்புமா என்றாலே வாயை மூடிக்கொள்கிறான். பள்ளிக்கூடத்தில் மட்டும் சாப்பிடுகிறானாம்! (திண்டுக்கல்)

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள், காய்கறிச் சாம்பாரோடு. சூடாக வருகிறது, கூட இருபது பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பக்கத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று நிற்பதில்லை. உங்கள் வீட்டில் இந்த மூன்றில் எத்தனை இருக்கிறது?

உப்புமாவின் மேல் பாதிக் குற்றம்தான். ரவையை வாசம் வரும்வரை வறுத்து, ஒரு கப்புக்கு இரண்டரைக் கப் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தூவிக் கிளறி, மூடி ஐந்து நிமிடம் சிறு தீயில் வைத்தால் உதிரியாக வரும். ஆறின உப்புமாவைப் பெரியவர்களாலேயே தின்ன முடியாது. புது ருசியைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவையாவது நாக்கில் பட வேண்டும். ஒரு கரண்டி வையுங்கள். வேண்டாமென்றால் எடுத்துவிடுங்கள். திணிக்காதீர்கள், டிவியைப் போட்டு ஏமாற்றாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூரி மசால் தப்பா? (மதுரை)

தப்பில்லை. மூன்று பூரி.

மாமனாருக்குக் கேழ்வரகுக் கஞ்சி. கணவருக்கு முறுகல் தோசை, இட்லி தொடமாட்டார். மகளுக்கு பிரெட், மகனுக்குச் சப்பாத்தி, தோசை ஆகாது. எல்லோரும் ஒன்பது மணிக்குள் போன பிறகு மிச்சம் இருப்பதைப் பதினொரு மணிக்கு நான் சாப்பிடுவேன். எனக்குத் தலைசுற்றல் வருகிறது. நேரத்தை மிச்சம் பிடிக்க ஏதாவது வழி உண்டா? (திருச்சி)

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மகனுக்குச் சப்பாத்தி எத்தனை, கணவருக்குத் தோசை எந்தப் பதம் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி கூட இல்லை.

முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எதிரில் உட்கார்ந்த பெண்களிடம் ‘உங்களுக்குப் பிடித்த டிபன் என்ன?’ என்று கேட்டால், ‘வீட்டில் அவருக்கு...’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ‘அவர் இருக்கட்டும், உங்களுக்கு?’ என்று மறுபடி கேட்டால் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள். ஒரு அம்மா ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு, ‘கல்யாணத்துக்கு முன்னாடி ஆப்பம் பிடிக்கும்’ என்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர் வீட்டில் ஆப்பச்சட்டியே கிடையாது.

வீட்டில் ஆளுக்கொரு விருப்பம் இருக்கலாம், கொத்தமல்லிக்காரருக்கு நானே வக்காலத்து வாங்கியிருக்கிறேன். ஆனால் நான்கு பேர் விருப்பத்துக்கு ஒருத்தர் அடுப்படியில் நிற்பது என்ன கணக்கு? ‘இட்லி தொடமாட்டேன்’ என்கிற கணவருக்குக் கை இருக்கிறது, மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது, தோசைக்கல் அடுப்பில் இருக்கிறது. பிரெட்டை டோஸ்டரில் போட ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்குத் தெரியும். சப்பாத்தி ராத்திரிக்குப் போதும், காலையில் அவனும் இட்லி சாப்பிடட்டும். மாமனாரின் கஞ்சியை மட்டும் நீங்கள் காய்ச்சுங்கள், அது பத்து நிமிட வேலை. அதில் உங்களுக்கும் ஒரு டம்ளர் எடுத்து ஏழரை மணிக்கே குடித்துவிடுங்கள். அவருக்குச் சுகர் இருந்தால் கஞ்சியை விடக் களி மெல்ல ஏறும், இதையும் சொல்லி வைக்கிறேன்.

தலைசுற்றலுக்கு வருவோம். ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டு மறுநாள் பதினொன்று என்றால் பதினாலு மணி நேரத்துக்கு மேல் பட்டினி. நடுவில் இரண்டு காபி வேறு குடித்திருப்பீர்கள், அது தெரிந்ததுதான். ஆனால் பட்டினிதான் காரணம் என்று நானாக முடிவு கட்டமாட்டேன். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்த வாரமே பாருங்கள். இரும்பு குறைவென்று வந்தால் காபியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், சாப்பாட்டோடு குடித்தால் இரும்பை உள்ளே விடாது. மிச்சம் என்று சொன்னீர்களே, அது என்ன மிச்சம், எவ்வளவு மிச்சம் என்றும் எழுதுங்கள். கருகின ஓரத் தோசையும் பிரெட் ஓரமும் என்றால் அதைப் பலகாரம் என்று நான் எழுதிக்கொள்ள முடியாது.

அடுத்த கடிதத்தில் முதல் வரியாக உங்களுக்குப் பிடித்த டிபன் வர வேண்டும். அதற்கு அப்புறம்தான் மற்றதைப் படிப்பேன்.

ரவா தோசை ஹோட்டல் மாதிரி வலைவலையாக வரவில்லை. (ஈரோடு)

ரவையும் அரிசி மாவும் சம அளவு, மைதா அதில் பாதி. மாவு நீர்மோர் பதத்துக்கு இருக்க வேண்டும், உங்களுடையது கெட்டியாக இருந்திருக்கும். அரை மணி ஊறட்டும். கல் நன்றாகக் காய்ந்ததும் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தெளித்து ஊற்றுங்கள், கரண்டியால் தேய்க்காதீர்கள். ரவை அடியில் தங்கும், ஒவ்வொரு தோசைக்கும் கலக்குங்கள். திருப்ப வேண்டாம். எண்ணெய் எத்தனை கரண்டி என்று சேலத்துக்காரரைக் கேட்டது போல உங்களையும் கேட்பேன்.