சைனை வெட்டலாமா? இணைந்த கணிதக் கேள்வி-பதில்

இம்முறை திரிகோணகணிதச் சர்வசமன்பாடுகள், அதாவது எந்தக் கோணத்துக்கும் பொருந்தும் சமன்பாடுகள், பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். கோணத்தை எல்லா இடத்திலும் ‘அ’ என்றே எழுதுகிறேன்.

சேர், சைன் 2அ = சைன் அ என்ற கணக்கில் இரண்டு பக்கமும் சைனை வெட்டினேன். 60°, 300° வந்தன. விடையில் 0° முதல் 360° வரை ஐந்து கோணங்கள் இருக்கின்றன. மற்ற மூன்றும் எங்கே?
– உயர்தர மாணவி, ஹட்டன்

நீங்கள் வெட்டிய சைனோடு சேர்ந்து அவையும் போய்விட்டன, மகள். சைன் 2அ என்பது 2 சைன் அ கோசைன் அ. வெட்டாமல் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவாருங்கள்:

சைன் அ (2 கோசைன் அ − 1) = 0

கோசைன் அ = ½ என்றால் 60°, 300°. சைன் அ = 0 என்றால் 0°, 180°, 360°. ஒன்றால் வகுக்கிறோம் என்றால் அது பூச்சியம் இல்லை என்று சொல்லாமல் சொல்கிறோம். இங்கே அது பூச்சியமாகிற இடத்தில்தான் மூன்று விடைகள் இருக்கின்றன. பொதுக் காரணியாக வெளியே எடுங்கள், போதும். பொதுத் தீர்வு கேட்டால் அ = 180°ந அல்லது 360°ந ± 60°; ந ஒரு முழு எண்.

சைன் அ + கோசைன் அ = 1 ஐ வர்க்கித்துச் செய்தால் விடை கூடுதலாக வருகிறதே?
– மாணவர், கொட்டகலை

இது மேலே உள்ளதற்கு நேர் எதிரான வில்லங்கம். வர்க்கித்தால் சைன் 2அ = 0; 0°, 90°, 180°, 270°, 360° என்று வரும். 180°ஐயும் 270°ஐயும் முதல் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், −1 கிடைக்கும். வர்க்கித்தவுடன் 1க்கும் −1க்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. √2 கோசைன் (அ − 45°) = 1 என்று மாற்றினால் 0°, 90°, 360° மட்டும் நேராக வந்து நிற்கும். நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

சைன்²அ ஐத் தொகையிட்டு ⅓ சைன்³அ என்று எழுதினேன். ஒரு புள்ளிகூட இல்லை!
– மாணவர், பதுளை

தொகையீடு வகையீட்டின் மறுதலைதானே, எழுதியதை வகையிட்டுப் பார்த்திருக்கலாமே! சைன்²அ கோசைன் அ என்று வரும். அந்தக் கோசைன் கேள்வியில் இல்லை. இரட்டை அடுக்கைக் கண்டால் 2அ பக்கம் போங்கள்:

சைன்²அ = ½(1 − கோசைன் 2அ)

தொகையீடு ½அ − ¼ சைன் 2அ + மாறிலி. ஒற்றை அடுக்குக்கு வழி வேறு. சைன்³அ ஐ சைன் அ (1 − கோசைன்²அ) என்று பிரித்து, கோசைன் அ ஐ ‘உ’ என வைத்தால் −கோசைன் அ + ⅓ கோசைன்³அ + மாறிலி.

அந்த ½ பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல. ஒரு முழுச் சுற்றில் கோசைன் 2அ இன் சராசரி பூச்சியம், அதனால் சைன்²அ இன் சராசரி ½. மேல் கொத்மலை நீர்மின் நிலையத்தில் பிறப்பது சைன் வடிவ ஆடலோட்ட (திசை மாறி மாறி ஓடும்) மின்சாரம்தான். வீட்டுக்கு வரும்போது 230 வோல்ற்று என்கிறோமே, அலையின் உச்சம் உண்மையில் சுமார் 325 வோல்ற்று. அதை √2 ஆல் வகுத்தால் 230. 230 என்பது வோல்ற்றளவின் வர்க்கத்தைச் சராசரியாக்கி எடுத்த வர்க்கமூலம்; அந்த √2 வருவது இந்த ½ இலிருந்துதான்.

மகன் சூத்திரங்களை எழுதிச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறான். எல்லாம் பாடமாக்கத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், மஸ்கெலியா

வேண்டாம் அக்கா. சைன் (அ + ஆ), கோசைன் (அ + ஆ), அப்புறம் சைன்²அ + கோசைன்²அ = 1. இந்த மூன்றும் கையில் இருந்தால் மற்றவற்றை அவனே வருவிக்கலாம். ஆ இருக்குமிடத்தில் அ போட்டால் இரட்டைக் கோணம் வந்துவிடும்.

சைன் அ கோசைன் அ இன் தொகையீடு எனக்கு ½ சைன்²அ, தோழிக்கு −½ கோசைன்²அ, புத்தகத்தில் −¼ கோசைன் 2அ. யார் சரி?
– மாணவி, பண்டாரவளை

மூவரும் சரி. கோசைன் 2அ = 1 − 2 சைன்²அ என்று போட்டால் புத்தக விடை ½ சைன்²அ − ¼ ஆகிறது. தோழியின் விடை ½ சைன்²அ − ½. வித்தியாசம் வெறும் எண், அதை மாறிலி விழுங்கிவிடும். சந்தேகம் என்றால் 0 முதல் பை/2 வரை எல்லை போட்டுப் பாருங்கள், மூன்றிலும் ½ தான் வரும். தொகையீட்டில் கோணம் ஆரையனில்தான் (180° = பை ஆரையன்) இருக்க வேண்டும். கணிப்பான் பாகையில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘+ மாறிலி’ எழுதாமல் விட்டவருக்குத்தான் புள்ளி போகும்.