பஸ் எந்த மூலையில் நிற்கும்?

அமெரிக்காவில் ஊர் விட்டு ஊர் போகும் மலிவு பஸ்களைப் பற்றிப் போன முறை நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. எழுதியவர்களில் பாதிப் பேர் மேல்படிப்புக்கு வந்த பிள்ளைகள். விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தால் தோழனைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள். மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபத்தைச் சுருக்கவில்லை.

கே: வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடித்துக் கிளம்பலாம் என்று, வெள்ளி தேதி போட்ட 12.15 ஏ.எம். பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன். போய் நின்றால், அந்த பஸ் முந்தின ராத்திரியே போய்விட்டது என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
– ஆர்.வி., கிளீவ்லாந்து

ப: கிடைக்காது. பஸ் வந்தது, நீங்கள்தான் வரவில்லை. ராத்திரி 12 அடித்தால் தேதி மாறிவிடும். நம் ஊர் ரயிலுக்கும் இதே கணக்குதான்.

கே: சென்னையிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் இறங்குகிறேன். பாஸ்டனில் தோழியின் அறையில் ஒரு வாரம் தங்கிவிட்டுக் கல்லூரிக்குப் போக உத்தேசம். நியூயார்க்–பாஸ்டன் பஸ் டிக்கெட் ரொம்ப மலிவாகத் தெரிகிறது. விமானத்தில் கொண்டுவரும் இரண்டு பெட்டியையும் ஏற்றிக்கொள்வார்களா?
– கே.எஸ்., குரோம்பேட்டை

ப: ஒரு பெட்டியை ஏற்றிக்கொள்வார்கள். பெரிய கம்பெனிகளில் பொதுவாக அடியில் ஒரு பெட்டி, கையில் ஒரு பை, இவ்வளவுதான் டிக்கெட்டில் அடக்கம். இரண்டாவது பெட்டிக்குத் தனிக் காசு, அதுவும் இடம் இருந்தால். எடை வரம்பு 50 பவுண்டு என்று போட்டிருந்தால் அது 22.7 கிலோ. விமானத்துக்கு 23 கிலோ என்று வீட்டுத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, அதற்கு அப்புறம் அம்மா பக்கவாட்டில் பருப்புப் பொடியைச் செருகியிருப்பார் அல்லவா, அந்தப் பெட்டி இங்கே மாட்டும்.

பெட்டியை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஜே.எஃப்.கே. இருப்பது நகரின் ஓரத்தில் குயின்ஸில், பாஸ்டன் பஸ்கள் பெரும்பாலும் கிளம்புவது நகரின் நடுவில் மன்ஹாட்டனில். இருபத்து சொச்சம் மணி நேரம் பறந்து வந்த உடம்போடு, ஏர்டிரெயின் என்னும் விமான நிலைய ரயிலில் ஏறி, ஜமைக்கா என்ற நிலையத்தில் சப்வே மாறி, லிஃப்ட் ஓடாத நிலையமாக இருந்தால் 46 கிலோவைப் படிப்படியாகத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். டாக்சி என்றால் மன்ஹாட்டனுக்கு நிர்ணயக் கட்டணமே 70 டாலர். சாலைச் சுங்கமும் டிப்ஸும் தனி. டிக்கெட் எடுக்கும்போதே பாஸ்டன் வரை ஒரே விமானச் சீட்டாக விலை கேளுங்கள். பெட்டிக் கணக்கு கடைசி ஊர் வரை செல்லும். நியூயார்க்கில் கஸ்டம்ஸுக்காகப் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கே: நண்பன் இருப்பது மேய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில். பாஸ்டனிலிருந்து அவனிடம் போக நான் எடுத்த டிக்கெட் ஓரிகன் போர்ட்லாந்துக்கு என்று இப்போதுதான் பார்க்கிறேன். விலையைப் பார்த்தபோதே லேசாகச் சந்தேகம் வந்தது.
– பெயர் வேண்டாம், பாஸ்டன்

ப: இரண்டு மணி நேரத்தில் போகும் ஊருக்கு மூன்று நாள் பயணம் என்று திரையில் காட்டியிருக்கும். அதையும் தாண்டித்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள். பஸ் கிளம்புவதற்குள் ரத்து செய்தால் ஏதாவது தேறுமா என்று டிக்கெட் விதியில் பாருங்கள், கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். மற்றவர்களுக்கு: ஸ்பிரிங்ஃபீல்டு, ரோசெஸ்டர், கொலம்பியா எல்லாமே ஒன்றுக்கு மேல் உண்டு. ஊர்ப் பெயருக்குப் பின்னால் மாநிலத்தைச் சொல்லும் இரண்டெழுத்து அலங்காரத்துக்கு இல்லை.

கே: ராத்திரி 11 மணி. பஸ் வரவில்லை. இணையத்தில் கம்பெனி பெயரைத் தேடிக் கிடைத்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். மிக மரியாதையாகப் பேசினார். மாற்று டிக்கெட்டுக்கு முன்பணம் என்று, பக்கத்துக் கடையில் 100 டாலர் கிஃப்ட் கார்டு வாங்கி, பின்னால் சுரண்டி எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்துவிட்டேன். நண்பன் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
– எம்., செயின்ட் லூயிஸ்

ப: சிரிக்கிறவர்களை விடுங்கள் தம்பி. தெரியாத ஊரில், சார்ஜ் தீரப்போகும் கைபேசியோடு, நடுராத்திரி தெருவோரம் நிற்கிறவன் கூப்பிடுவான் என்று தெரிந்துதான் அந்த எண்ணை அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். போன வருடம் 'சுங்கக் கட்டணம் பாக்கி' என்று வந்த குறுஞ்செய்தியை நம்பி நானே கார்டு எண்ணைக் கொடுத்தேன். இத்தனைக்கும் என்னிடம் கார் கிடையாது.

இப்போதே செய்யவேண்டியது: அந்த கிஃப்ட் கார்டையும் ரசீதையும் தூக்கிப்போடாதீர்கள். கார்டை வெளியிட்ட நிறுவனத்தைக் கூப்பிட்டு, மோசடி என்று சொல்லி முடக்கச் சொல்லுங்கள். பணம் எடுக்கப்படாமல் இருந்தால் சில சமயம் மீளும். எஃப்.டி.சி. என்னும் மத்திய வர்த்தக ஆணையத்தின் மோசடிப் பக்கத்தில் புகார் பதியுங்கள். உதவி எண்ணை டிக்கெட்டிலிருந்தோ கம்பெனியின் செயலியிலிருந்தோ மட்டும் எடுங்கள். கிஃப்ட் கார்டில் காசு கேட்கிற பஸ் கம்பெனி உலகத்தில் கிடையாது.

கே: 2023 கடைசியில் நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு நண்பரைப் பார்க்க மனைவியோடு போனேன். திரும்பும்போது பஸ் நிலையத்தைத் தேடினால் நிலையமே இல்லை. நடைபாதையில், மழையில், ஒன்றரை மணி நேரம். கழிப்பறைக்கு எங்கே போவது? யாரிடம் புகார் செய்வது?
– டி.என்., எடிசன்

ப: இந்தக் கேள்வி வராதா என்றுதான் காத்திருந்தேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிலடெல்பியாவின் ஃபில்பர்ட் தெருவில் கிரேஹவுண்ட் என்ற பஸ் கம்பெனிக்கு நிலையம் இருந்தது. அழகு என்று சொல்லமாட்டேன், ஆனால் கூரை இருந்தது. 2023 ஜூனில் அதை விட்டுவிட்டு மார்க்கெட் தெரு நடைபாதைக்கு வந்தார்கள். நவம்பரில் அங்கிருந்து ஸ்பிரிங் கார்டன் தெருவுக்கு. நீங்கள் நனைந்தது அங்கேதான்.

நிலையங்கள் இப்படிப் போவதற்குப் பெரிய காரணம் மனை விலை. கிரேஹவுண்ட் 1914-ல் மினசோட்டாவில் ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில் தொழிலாளிகளை ஏற்றிப்போவதில் ஆரம்பித்த கம்பெனி. 2021-ல் ஜெர்மனியின் ஃபிளிக்ஸ் என்ற பஸ் நிறுவனம் அதை பிரிட்டனின் ஃபர்ஸ்ட்குரூப் என்ற போக்குவரத்து நிறுவனத்திடமிருந்து வாங்கியது. 4.6 கோடி டாலர் கையில், 3.2 கோடி தவணையில். நிலையக் கட்டடங்கள் அந்த விலையில் அடக்கமில்லை. அடுத்த வருடக் கடைசியில் முப்பதுக்கு மேற்பட்ட நிலையங்களை ஆல்டன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கிளை 14 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. நாடு முழுக்க ஓடுகிற பஸ் கம்பெனியை விட, அது வந்து நிற்கிற இடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை! நகரத்தின் நட்டநடுவில் மனை வைத்திருக்கிறவர், பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு பெஞ்சு போட்டா வைப்பார்?

இதற்கு முன்பே வழி காட்டியவர்களும் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் நியூயார்க் சைனாடவுனிலிருந்து பாஸ்டனுக்குத் தெருவோரத்தில் ஆள் ஏற்றிய பஸ்கள். 2006-ல் சிகாகோவில் ஒரு டாலர் டிக்கெட் என்று வந்த மெகாபஸ். நிலைய வாடகை இல்லை, கவுன்ட்டர் ஆள் இல்லை, அந்த மிச்சத்தில்தான் மலிவு. ஆரம்பத்தில் நானும் கைதட்டினேன். இப்போது புரிகிறது, கம்பெனி கட்டாத வாடகையை நாம் மழையில் நின்று கட்டுகிறோம். விமானத்துக்கு அத்தனை பெரிய மண்டபம். பஸ்ஸுக்கு ஒரு கம்பம், அதில் ஒரு ஸ்டிக்கர். பஸ்ஸில் போகிறவர்களில் கார் இல்லாதவர்கள், வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எத்தனை பேர் என்று எந்த மேயராவது ஒரு ராத்திரி வந்து நின்று பார்க்கட்டும்.

என் கதையும் கேளுங்கள். ஒரு ஜனவரியில், பிட்ஸ்பர்க்கில் இருக்கும் பழைய அறைத்தோழனைப் பார்க்க, பகல் பஸ்ஸை விட 28 டாலர் குறைவு என்று ராத்திரி பஸ்ஸில் போனேன். காலை 3.40-க்கு இறக்கிவிட்டார்கள். எதிரே பூட்டிய வங்கி, ஓர் எரியாத தெருவிளக்கு. தோழன் கைபேசியை அணைத்துவிட்டுத் தூங்கியிருந்தான். டாக்சிக்கு 41 டாலர். வாசலில் அவன் அம்மாதான் கதவைத் திறந்தார். 'விடிஞ்சப்புறம் வந்திருக்கலாமேப்பா' என்றார்.

ஆகவே, விலையைப் பார்க்கும் முன் முகவரியைப் பாருங்கள். வரைபடத்தில் அந்த மூலையின் படத்தைத் திறந்து கூரை இருக்கிறதா, ராத்திரி திறந்திருக்கும் கடை பக்கத்தில் உண்டா என்று பாருங்கள். முந்தின நாள் மின்னஞ்சலையும் பாருங்கள், மூலையே மாறியிருக்கும். புகார்? கம்பெனிக்கு ஒன்று, பிலடெல்பியா நகர நிர்வாகத்துக்கு ஒன்று. நடைபாதை நகரத்துடையது, அதனால் இரண்டாவதை நீளமாக எழுதுங்கள்.

கே: இண்டியானாபொலிஸிலிருந்து சிகாகோவுக்குப் போகும் பஸ் இரண்டே முக்கால் மணியில் போகிறது, திரும்பி வருவது மட்டும் நாலே முக்கால் மணி என்று டிக்கெட்டில் நேரம் இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?
– வி.ஜே., இண்டியானாபொலிஸ்

ப: சிகாகோ கடிகாரம் உங்கள் கடிகாரத்தை விட ஒரு மணி நேரம் பின்னால்.

கே: பஸ் ரத்து. அதனால் விமானத்தையும் விட்டேன். கம்பெனி ஒரு வவுச்சர் அனுப்பியிருக்கிறது. 2024-ல் பணம் தானாகத் திரும்ப வரவேண்டும் என்று சட்டம் வந்ததே?
– எஸ்.பி., ரிச்மண்ட்

ப: அது விமானத்துக்கு வந்த விதி. பஸ்ஸுக்கு இல்லை. ஆனாலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வவுச்சரைப் பயன்படுத்தாமல், ஓடாத பஸ்ஸுக்குப் பணம் வேண்டும் என்று கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் கார்டு வங்கியிடம் போங்கள். அமெரிக்க கிரெடிட் கார்டு என்றால் பில் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தியக் கார்டு என்றால் உங்கள் வங்கியில் 'சார்ஜ்பேக்', அதாவது கார்டில் போன பணத்தைத் திருப்பி வாங்கித் தருவது, என்று கேளுங்கள். ரத்து என்று வந்த செய்தியின் படத்தை அழிக்காதீர்கள். விமானக் காசு கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். விமானம் பிடிக்க வேண்டிய அன்று கடைசி பஸ்ஸை நம்பியது உங்கள் தவறு.

கே: பஃபலோவில் அண்ணனைப் பார்க்கப் போகிறேன், உள்நாட்டுப் பயணம்தானே. பாஸ்போர்ட்டை நியூஜெர்சியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போகலாமா?
– சுற்றுலா விசாவில் வந்தவர்

ப: கூடாது. பஃபலோவுக்கு அக்கரை கனடா. எல்லைக் காவலர்கள் பஸ்ஸிலும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் நகலும் கையில் இருக்கட்டும், அடியில் போகும் பெட்டியில் வேண்டாம்.

கே: மாடி பஸ்ஸில் மேல்தளத்து முன்வரிசை இருக்கைக்கு 9 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஊரைப் பார்த்துக்கொண்டே போகலாமே, கொடுக்கலாமா?
– எல்., பால்டிமோர்

ப: நான் கொடுத்திருக்கிறேன். ஆகஸ்ட் மாதம், மத்தியானம், கண்ணாடி நெற்றிக்கு நேரே. நாலரை மணி நேரம் முகத்தில் வெயில், தலைக்கு மேலே மூடமுடியாத ஏ.சி. துவாரம். பார்த்த ஊர் என்பது நெடுஞ்சாலையின் ஒலித்தடுப்புச் சுவர். இறங்கும்போது எனக்கு ஒரு பக்கம் சளி, ஒரு பக்கம் கறுப்பு. ராத்திரிப் பயணமாக இருந்தால் வாங்குங்கள். கழிப்பறை அங்கிருந்து தூரம், அந்த வகையில் 9 டாலர் தகும்.