கேளுங்க, சொல்றேன்: கைக்குழந்தையோடு சிங்கப்பூர்

பள்ளிக்கூடத்துக்கு லீவு விடப்போகிறார்கள் என்றால் போதும், "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போகலாமா" என்று கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்ததில் நாலை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்குத்தான் பதில் நீளம், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி: என் பையனுக்கு 1 வயது 10 மாதம். கொழுந்தனார் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், ஓரகத்தியும் அங்கேதான். ஒரு வாரம் வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று கூப்பிடுகிறார்கள். டிராவல்ஸில் விசாரித்தால் 5 நாளில் 14 இடம் என்று ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். மாமியாரோ, "பிள்ளைக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது, காசைக் கரியாக்காதீங்க, பெரியவன் ஆனப்புறம் போங்க" என்கிறார். பயணத்துக்கு நடுவில் பையனின் 2வது பிறந்தநாளும் வருகிறது. போகலாமா, தள்ளிப் போடலாமா?

போயிட்டு வாங்க. ஆனால் அந்த 14 இட லிஸ்ட்டை டிராவல்ஸ்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மாமியார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. 3 வயதுக்கு முன்னால் நடந்தது பெரும்பாலும் யாருக்குமே நினைவில் நிற்பதில்லை, உங்களுக்கும் எனக்கும் நின்றிருக்கிறதா என்ன? ஊர் சுற்றிக் காட்டத்தான் போகிறீர்கள் என்றால் அவர் சொல்வதுபோல் பையன் பெரியவன் ஆகட்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஊர் பார்க்கவா கூப்பிடுகிறார்கள்? அவர்கள் கூப்பிடுவது பிள்ளையைப் பார்க்க. என் மகளுக்கு ஒன்றரை வயதில் அவள் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். தினமும் ராத்திரி போனில் "சித்தா, சித்தா" என்று கத்துகிறவள், ஏர்போர்ட்டில் ஆளை நேரில் பார்த்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை. அழுது முடித்து, என் கையிலிருந்த போனைக் காட்டி "சித்தா" என்றாள். அந்த மனுஷன் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டார். போனுக்குள் இருக்கிறவரும் இவரும் ஒரே ஆள்தான் என்று அவளுக்குப் புரிய இரண்டு நாள் ஆனது, மூன்றாம் நாள் அவர் தோளை விட்டு இறங்கவே இல்லை. அவளுக்கு இப்போது அது எதுவும் நினைவில்லை, அவருக்கு இருக்கிறது. இதை உங்கள் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், போவது அவருடைய சின்ன மகனைப் பார்க்கத்தானே.

இப்போது டிக்கெட். 2 வயது முடியாத குழந்தைக்கு மடி டிக்கெட் உண்டு, பல விமானங்களில் பெரியவர்கள் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும், மலிவு விமானங்களில் இவ்வளவு என்று ஒரு தொகை வைத்திருப்பார்கள். வயதை டிக்கெட் போடுகிற நாளில் பார்ப்பதில்லை, பறக்கிற நாளில்தான் பார்ப்பார்கள். அங்கே இருக்கும்போதே பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பி வருகிற நாளில் அவன் 2 வயது முடிந்த பிள்ளை, தனி சீட் வாங்கியாக வேண்டும். இதைச் சொல்லாமல் இரண்டு பக்கமும் மடி டிக்கெட் போட்டுவிட்டு, திரும்பும்போது கவுன்டரில் நின்று கடைசி நேர விலைக்கு சீட் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பயணத்தைப் பிறந்தநாளுக்கு முன்னால் நகர்த்த முடிந்தால் காசு மிச்சம். அதற்காக அங்கே சித்தப்பா கேக் வெட்டி வைத்திருக்கிற நாளை விட்டுவிட்டு வர வேண்டுமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் தனி சீட்டே வாங்கிவிடுவேன், 12 கிலோ பிள்ளையை 4 மணி நேரம் மடியில் வைத்திருந்தால் கால் மரத்துப்போய்விடும்.

ராத்திரி ஃபிளைட்டா பகல் ஃபிளைட்டா என்பதில் எல்லாரும் ஏமாறுவார்கள். "ராத்திரி போட்டா பிள்ளை தூங்கிடும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ராத்திரி பதினொன்றரை மணி விமானம் என்றால் 3 மணி நேரம் முன்னால் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும், குடியாத்தத்திலிருந்து வாலாஜா டோல், ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம், ஆக சாயங்காலம் 5 மணிக்கே கிளம்பிவிடுவீர்கள். காரில் நன்றாகத் தூங்கி எழுந்து, ஏர்போர்ட் வெளிச்சத்தில் முழித்துக்கொண்டு, வரிசையில் ஓடிப்பிடித்து விளையாடி, விமானம் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண் அசருவான். அங்கே இறங்கும்போது காலை 6 மணி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அவன் உடம்புக்கு அது விடிகாலை 3.30. அன்று முழுக்க அழுவான். சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் நாளே போய்ப் படுத்து, பகல் விமானத்தில் போவதுதான் என் கட்சி. வீடு இல்லையென்றால் ராத்திரிதான், ஆனால் மறுநாள் எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

அப்புறம் அந்த 14 இடம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், அதுவும் காலையில். மத்தியானம் வீடு, சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் கொழுந்தனார் வீட்டுக்குக் கீழேயே, வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடிகளில் அநேகமாக எங்கேயும், ஊஞ்சல் சறுக்கு வைத்து ஒரு விளையாட்டுத் திடல் இருக்கும், அது போதும். நம் வேலூர் பக்கத்து அமிர்தி வரைக்கும் போய் மான் பார்த்த பிள்ளைக்கு மண்டாய் மிருகக்காட்சி சாலை ஒரு நாளைக்குத் தாராளம், ஒராங்குட்டான் கூண்டு இல்லாமல் தலைக்கு மேலே தாவிக்கொண்டிருக்கும். தாவரவியல் பூங்காவுக்குள் சிறுவர்களுக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது, அங்கே குழந்தையைக் கூட்டிக்கொண்டு வராத பெரியவர்களை உள்ளேயே விடமாட்டார்கள், கட்டணமும் கிடையாது, திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், லீவு. மழை எந்த மத்தியானமும் கொட்டும், ஸ்ட்ரோலருக்கு பிளாஸ்டிக் உறை மறக்க வேண்டாம்.

ரயிலில் 90 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு டிக்கெட் இல்லை, உங்கள் பையன் அநேகமாக அதற்குள்தான் இருப்பான். ஆனால் ரயிலுக்குள் தின்னவோ குடிக்கவோ கூடாது, 500 சிங்கப்பூர் டாலர் வரைக்கும் அபராதம், அழுகிறானே என்று பிஸ்கட்டை எடுத்து நீட்டிவிடாதீர்கள். ஆப்பில் வரவழைக்கிற தனியார் காரில் குழந்தை சீட் கட்டாயம், தெருவில் கைகாட்டி நிறுத்துகிற டாக்சிக்கு அந்த விதி இல்லை. விதி இல்லை என்பதால் பத்திரம் என்று ஆகிவிடாது, ஸ்ட்ரோலர் இருந்தால் ரயிலே மேல், எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கிறது, அறிவிப்பு தமிழிலும் வரும்.

விசா வேண்டும், பிள்ளைக்கும் தனியாக. அந்த ஊர் அரசாங்கம் வாங்குவது தலைக்கு 30 சிங்கப்பூர் டாலர், மேலே ஏஜென்ட் கூலி. போய் இறங்குவதற்கு முந்தின 3 நாளுக்குள் ஆன்லைனில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும், அது இலவசம், அதற்குக் காசு கேட்கிற வெப்சைட் வந்தால் மூடிவிடுங்கள். டிராவல் இன்சூரன்ஸ் எடுங்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே ஆஸ்பத்திரி பில் நம் ஊர் மாதிரி இருக்காது.

ஓரகத்தி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சின்ன வீடு, உங்களுக்காக ஒரு ரூமைக் காலி செய்து தருவார்கள், அவரும் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். முதல் நாளே சமையலில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கெட்ட பேர் இல்லாமல் ஓடும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தாத்தா: பேத்திக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பேரே இல்லை, "பெண் குழந்தை" என்றுதான் இருக்கிறது. ஆதார் இருக்கிறது, அது போதாதா? பேருக்கு முன்னால் இனிஷியலும் போட வேண்டும் என்கிறான் மகன்.

போதாது ஐயா. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறெதையும் பாஸ்போர்ட்டுக்கு ஏற்பதில்லை. முதலில் அதில் பேரைச் சேருங்கள். குழந்தை பிறந்து 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, தாண்டிவிட்டால் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இதற்கு ராணிப்பேட்டை நகராட்சிக்குப் போய் அலைய வேண்டாம், பிரசவம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் பதிவுதான் கணக்கு. வேலூர் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் வேலூர் மாநகராட்சி.

இனிஷியல் பாஸ்போர்ட்டில் எடுபடாது, விரித்து எழுத வேண்டும். அப்பா பேரையே குடும்பப் பேர் கட்டத்தில் போடுவதுதான் நம் பக்கத்து வழக்கம், எதைப் போட்டாலும் விமான டிக்கெட்டிலும் அப்படியே போடுங்கள். அம்மா, அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட அனெக்சர் டி என்கிற உறுதிமொழிப் படிவம் வேண்டும். கட்டணம் 1000 ரூபாய், 8 வயதுக்குள் என்றால் அதில் 10 சதவீதம் தள்ளுபடி. 5 வருஷத்துக்குத்தான் செல்லும். வேலூரில் தபால் நிலைய பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, சென்னை வரைக்கும் போக வேண்டியதில்லை.

4 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு போட்டோ நாம்தான் கொண்டுபோக வேண்டும், வெள்ளைப் பின்னணி. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் ஆயா, போட்டோ எடுக்கப் போகிற பிள்ளைக்குக் கண் படும் என்று கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்பிவிட்டார். போட்டோவைப் பார்த்துவிட்டு கவுன்டரில் இருந்தவர், "இது மச்சமா, மையா?" என்றார். திரும்ப ஸ்டுடியோவுக்குப் போய், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததில் கன்னம் சிவந்து, அந்தச் சிவப்போடு 5 வருஷம் அந்த பாஸ்போர்ட் ஓடியது. பொட்டை உள்ளங்காலில் வைக்கச் சொல்லுங்கள்.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி: பேரனோடு மகள் வீட்டுக்குப் போகிறோம், அதே சிங்கப்பூர்தான். கறி மசாலாத் தூள், உப்புக்கண்டம், சத்துமாவு, மக்கன் பேடா எல்லாம் எடுத்துப் போகலாமா?

உப்புக்கண்டம் வேண்டாம், நம் நாட்டு மாமிசப் பண்டம் எதையும் அங்கே உள்ளே விடமாட்டார்கள். மசாலாத் தூளில் கசகசா அரைத்திருக்கிறீர்களா? அதையும் விட்டுவிடுங்கள். கசகசா என்பது அபினிச் செடியின் விதை, நமக்கு அது குருமாவைக் கெட்டியாக்குகிற சாமான், அவர்களுக்குப் போதைப்பொருள் விவகாரம். துபாய், சவூதி போகிறவர்களுக்கும் இதே கதைதான். சத்துமாவிலும் சில வீடுகளில் ஒரு பிடி போட்டு வறுப்பார்கள், பேரனுக்கென்று புதிதாக அரைத்து, என்னென்ன சாமான் என்று ஒட்டி எடுத்துப் போங்கள். அரிசி, பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் அங்கேயே தேக்கா மார்க்கெட்டில் கிடைக்கும், மூட்டை கட்ட வேண்டாம்.

மக்கன் பேடா கொண்டுபோங்கள், பெட்டியில் போட்டு. கைப்பையில் வைத்தால் ஜீரா 100 மில்லிக்கு மேல் போய் திரவக் கணக்கில் வந்து, செக்யூரிட்டியில் அப்படியே வாங்கி வைத்துவிடுவார்கள். குழந்தைப் பாலுக்கும், ஊட்டுகிற கூழுக்கும் அந்தக் கணக்கில் விலக்கு உண்டு.

திருப்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்: ஏலகிரி ஏறினால் மூன்றாவது வளைவிலேயே பையன் வாந்தி எடுத்துவிடுகிறான். விமானத்தில் எப்படிப் போவது? தூக்க மருந்து கொடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார்.

அண்ணே, ஏலகிரியில் 14 வளைவு, ஆகாயத்தில் ஒன்றுகூட இல்லை. மலைப்பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளைகள் பல பேர் விமானத்தில் சும்மா உட்கார்ந்து வருவார்கள். இறக்கைப் பக்கத்து சீட் கேளுங்கள், ஆட்டம் குறைவு. வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், இரண்டு இட்லி போதும்.

தூக்க மருந்தை நண்பர் பேச்சைக் கேட்டுக் கொடுக்கவே கூடாது. சளி மருந்து கொடுத்தால் தூங்கும் என்பார்கள், சில பிள்ளைகளுக்கு அது தலைகீழாக வேலை செய்து ஆட்டம் போட வைக்கும், அளவு தப்பினால் மூச்சுக்கே ஆபத்து. டாக்டரிடம் கேளுங்கள். விமானம் இறங்க ஆரம்பிக்கும்போது, அதாவது தரையைத் தொட அரை மணி நேரம் முன்னாலிருந்தே, காது அடைக்கும், அப்போது பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாக முழுங்க வையுங்கள். தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள்.

மாற்றுத் துணியைக் கைப்பையில் வையுங்கள், பையனுக்கு இரண்டு, தூக்கிக்கொண்டு வருகிறவருக்கும் ஒன்று. இந்த இரண்டாவதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கொழுந்தனார் வீட்டு வாசலில் ஓரகத்தி ஆரத்தித் தட்டோடு நின்றபோது, என் பட்டுப் புடவை முந்தானையில் நாலு மணி நேரத்துக்கு முந்தைய தயிர் சாதம் இருந்தது.