கணவன் அல்லது மனைவி சொல்லும் உடல்நலத் தகவலை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: நோயாளிக்குப் பதிலாக அவருடைய துணையிடம் விவரம் கேட்டால் அது சரியாக இருக்குமா?

எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சர்க்கரை நோய் உண்டா, மாரடைப்பு வந்ததா, அறுவை சிகிச்சை நடந்ததா போன்றவற்றுக்குத் துணையின் பதில் பெரும்பாலும் நோயாளியின் பதிலோடு ஒத்துப்போகும். நடக்க முடிகிறதா, குளிக்க உதவி வேண்டுமா என்பதும் அப்படியே. கண்ணால் பார்க்கிற விஷயம் அல்லவா.

வலி, மனச்சோர்வு, பதற்றம் என்று உள்ளே போனால்தான் சிக்கல். வலியைப் பார்க்க முடியாது. முகச்சுளிப்பை வைத்து ஊகிக்கத்தான் முடியும். இதில் ஒரு சாய்வும் உண்டு: கூடவே இருந்து பராமரிப்பவர், நோயாளி தானே சொல்வதைவிட நிலைமை மோசம் என்று சொல்வது வழக்கம். அவருடைய களைப்பும் கவலையும் அந்தப் பதிலில் கலந்துவிடுகின்றன. மறைத்துச் செய்யும் பழக்கங்களோ, சிகரெட் மாதிரி, துணைக்குத் தெரியாமலே போகலாம்.

ஆனால் சிலவற்றில் துணைதான் சிறந்த சாட்சி. குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று வருவதும் தூங்குபவருக்குத் தெரியாது. நினைவாற்றல் குறைவதும் அப்படித்தான். மறதி நோய் உள்ளவர் பலர் தனக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார்கள். அதனால்தான், பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டு இப்போது எப்படி என்று நெருங்கியவரிடம் கேட்கும் வினாப்பட்டியலே மருத்துவத்தில் இருக்கிறது.

மருந்தின் பெயர், அளவு மட்டும் யார் சொன்னாலும் சீட்டைப் பார்த்துவிடுங்கள். சாப்பிடுபவருக்கே அது சரியாக நினைவிருக்காது.