ஒரே மருந்துக்கு 200 மி.கி., 145 மி.கி. என இரண்டு அளவு ஏன்?

ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் பற்றித்தானே கேட்கிறீர்கள்? அது தண்ணீரில் கரையவே கரையாது என்றுகூடச் சொல்லலாம். கரையாதது குடல் சுவரைத் தாண்டாமல் அப்படியே வெளியேறிவிடும்.

கல் உப்பைவிடத் தூள் உப்பு சட்டென்று கரைகிறதல்லவா, அதே உத்திதான் இங்கும். 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களை 1 மைக்ரானாக அரைத்தால் மொத்தப் பரப்பு 100 மடங்காகும். முதலில் 300 மி.கி. தேவைப்பட்டது, நன்றாகப் பொடித்ததும் 200 போதுமென்றானது, நானோ துகளாக்கியதும் 145. பழையதைச் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும், பித்தநீர் சுரந்து கரைக்க உதவும். 145-க்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அரைப்பது மட்டுமே வழியில்லை. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தான சைக்ளோஸ்போரினை எண்ணெய்க் கலவையில் கரைத்தே கேப்ஸ்யூலில் அடைக்கிறார்கள். எளிதில் கரைவதற்காக மருந்தின் படிக அமைப்பைக் குலைத்துப் பாலிமரோடு (நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருள்) கலப்பதும் உண்டு. ஆனால் அலமாரியில் இருக்கும்போதே மறுபடி படிகமாகிவிடுமோ என்ற தொல்லை அதில் தீராது.