கட்டுரையை 2001-இல் தொடங்காதீர்கள்

குடியாத்தம் தம்பி, பயங்கரவாதத்தின் வேர்கள் பற்றிய உங்கள் கருத்தரங்கக் கட்டுரை, அமெரிக்கா தாக்கப்பட்ட 2001 செப்டம்பருக்கு முந்தைய காலத்துக்கு நகரவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். 1979-க்குப் போங்கள். அந்த டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. எதிர்த்துப் போரிட்டவர்களுக்கு அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் பணத்தைக் கொட்டின. பாகிஸ்தான் உளவுத்துறை ஆயுதங்களைப் பிரித்துக் கொடுத்தது. 2001 தாக்குதலை நடத்திய அல்-காய்தா இயக்கம் 1988-இல் உருவானது அந்தப் போரிலிருந்துதான். மறு ஆண்டே சோவியத் படை வெளியேறியது, ஆயுதங்கள் வெளியேறவில்லை. இதற்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள்.

மதம் மட்டுமே காரணம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன். 1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டரைக் குண்டு வீசிக் கொன்றவர்கள் அரசியல் புரட்சியாளர்கள். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற விடுதலைப் புலிகள் கேட்டது தனிநாடு. அவ்வழக்கின் கைதிகள் பல்லாண்டுகள் அடைபட்டிருந்தது நம் வேலூர்ச் சிறையில். இங்கிருந்து எழுதும் நீங்கள் அதை விட்டுவிடலாமா?