சேர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்டால் ஆன்மிகத்தில் வளர முடியுமா? பக்தி குறைந்துவிடாதா?

கேள்வி: சாமி விஷயத்தில் ஏதாவது கேட்டாலே வீட்டில் ‘உனக்கு நம்பிக்கை இல்லை’ என்கிறார்கள். நண்பர்கள் சிலர் வாரம் ஒருமுறை கூடி, நம் சமய நூல்களைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறோம். இது உண்மையிலேயே ஆன்மிக வளர்ச்சிக்கு உதவுமா? பக்தி போய்விடுமோ என்றும் ஒரு பயம் இருக்கிறது.

பதில்: தாராளமாகக் கூடுங்கள். நானும் சில வருடங்களாக ஒரு சின்னக் குழுவில் உட்கார்ந்து நூல்களை வாசித்துப் பேசி வருகிறேன். என் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களைவிட, மற்றவர்கள் கேட்ட கேள்விகள்தான் என்னை அதிகம் மாற்றியிருக்கின்றன. எனக்குத் தானாக எழுந்தே இருக்காத கேள்விகள் அவை. தனியாகப் படிக்கிறவருக்கு இது கிடைக்காது. அவர் தன் மனத்தில் பட்ட சந்தேகங்களையே சுற்றிச் சுற்றி வருவார்.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு: பிரச்ன உபநிடதம். ஆறு பேர் கையில் சமித்தோடு (வேள்விக்கான விறகுக் குச்சிகள்) பிப்பலாதர் என்ற ரிஷியைத் தேடிப் போகிறார்கள். அவர் உடனே உபதேசம் தொடங்கவில்லை. தவம், பிரம்மசரியம், சிரத்தை (உறுதியான நம்பிக்கை) இவற்றோடு ஒரு வருடம் இங்கே தங்குங்கள், அப்புறம் விரும்பியதைக் கேளுங்கள், எனக்குத் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்கிறார். ‘தெரிந்திருந்தால்’ என்று ஒரு ரிஷி சொல்கிறார் பாருங்கள். எனக்கு அந்த உபநிடதத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

வருடம் கழிந்ததும் ஆளுக்கு ஒரு கேள்வி. உயிர்கள் எங்கிருந்து பிறந்தன என்று கபந்தி கேட்கிறார். உடலைத் தாங்குகிற தேவர்கள் எத்தனை பேர், அவர்களில் உயர்ந்தவர் யார் என்று பார்க்கவர். பிராணன் எங்கிருந்து வருகிறது என்று கௌசல்யர். தூங்குவது யார், விழித்திருப்பது யார், கனவு காண்பது யார் என்று சௌரியாயணி. ஓங்காரத்தைத் தியானிப்பவர் எந்த உலகத்தை அடைகிறார் என்று சத்தியகாமர். பதினாறு கலைகள் (கூறுகள்) உடைய புருஷன் எங்கே இருக்கிறான் என்று கடைசியாகச் சுகேசர். உலகத்தின் தோற்றத்தில் தொடங்கிய பேச்சு உடம்பு, மூச்சு, உறக்கம் என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. ஒருவரே உட்கார்ந்து யோசித்துப் போட்ட வரிசை அல்ல இது. ஆளுக்கு ஒன்றுதான் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஆறு பதில்களோடு எழுந்தார்கள்.

சுகேசருடைய கேள்விக்கு முன்கதையும் இருக்கிறது. கோசல நாட்டு இளவரசன் இரணியநாபன் முன்பு அவரிடம் வந்து இதையே கேட்டிருக்கிறான். அவருக்குத் தெரியவில்லை. ‘எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உனக்குச் சொல்லாமல் இருப்பேனா? பொய் சொல்கிறவன் வேரோடு காய்ந்துபோவான்’ என்று சொல்லிவிட்டார். இளவரசன் ஒன்றும் பேசாமல் தேரில் ஏறிப் போய்விட்டான். அந்தக் கேள்வியைத்தான் சுகேசர் சுமந்துகொண்டு பிப்பலாதர் வரை வந்திருக்கிறார். அந்த நூலின் கடைசிக் கேள்வி, அந்தச் சபையில் இல்லாத ஒருவனுடையது. இன்னொருவர் கேட்டதை ‘இது என் கேள்வியும்தான்’ என்று ஏற்றுக்கொள்ள முடிவதையே நான் வளர்ச்சி என்று நினைக்கிறேன்.

வீட்டில் சொல்லும் ‘நம்பிக்கை இல்லை’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கடோபநிடதம் தொடங்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள். கிழடு தட்டிப்போன, இனி பால் தராத பசுக்களை அப்பா தானம் கொடுப்பதைச் சிறுவன் நசிகேதஸ் பார்க்கிறான். அப்போது அவனுக்குள் சிரத்தை புகுந்தது என்கிறது நூல். புகுந்தவுடன் அவன் செய்த காரியம், அப்பாவைப் பார்த்து ‘என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?’ என்று கேட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவன் கேள்விக்குக் காரணம் சிரத்தை. பிறகு யமனிடம் போயும், இறந்த பின் மனிதன் இருக்கிறானா இல்லையா என்று விடாமல் கேட்கிறான். செல்வம் தருகிறேன், நீண்ட ஆயுள் தருகிறேன், அதை மட்டும் கேட்காதே என்று யமன் சொல்லியும் விலகவில்லை. கடைசியில் யமனே, உன்னைப் போலக் கேள்வி கேட்பவர்கள் எங்களுக்குக் கிடைக்கட்டும் என்று மனம் நிறைந்து சொல்கிறான். வீட்டில் பெரியவர்கள் கேட்டால் வாதம் செய்யாமல் இந்தக் கதையை மட்டும் சொல்லுங்கள். அவர்களுக்கும் பிடிக்கும்.

ஆனால் எல்லாக் கேள்வியும் எல்லோர் முன்னாலும் பேசுவதற்கு உரியது அல்ல. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுக்கள் இந்த இடத்தில்தான் மனிதர்களைப் புண்படுத்திவிடுகின்றன. எங்கள் குழுவில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் இருந்தார். ஒரு நாள் கர்ம வினையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது, ‘அப்படியானால் என் பிள்ளை என்ன பாவம் செய்தான்?’ என்று கேட்டார். நன்றாகப் படித்த ஒருவர் சஞ்சிதம் (சேர்ந்து கிடக்கும் பழைய வினை), பிராரப்தம் (இப்போது பலன் தரும் வினை) என்று விளக்க ஆரம்பித்தார். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. குழுவை நடத்தும் பெரியவர் அவரைக் கையமர்த்திவிட்டு, ‘இதை நாம் தனியாகப் பேசலாம் அம்மா’ என்றார். அன்றைக்கு வாசிப்பு அதோடு நின்றது. அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா அதற்குப் பிறகும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்.

பெரியவர் செய்ததற்கு உபநிடதத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது என்பது பிறகு பிருகதாரண்யகம் வாசித்தபோதுதான் தெரிந்தது. ஜனகரின் சபை. ஆயிரம் பசுக்கள் பரிசு. ஒவ்வொருவராக எழுந்து யாக்ஞவல்கியர் என்ற ரிஷியைக் கேள்விகளால் துளைக்கிறார்கள். ஆர்த்தபாகர் கேட்கிறார்: மனிதன் இறந்த பிறகு அவன் வாக்கு நெருப்பிலும் மூச்சு காற்றிலும் கண் சூரியனிலும் கலந்துவிட்டால், அவன் எங்கே இருக்கிறான்? அத்தனை பேருக்கும் சபை நடுவில் பதில் சொன்ன யாக்ஞவல்கியர் இதற்கு மட்டும், ‘கையைக் கொடு, ஆர்த்தபாகா. இதை நாம் இருவர் மட்டும் அறிவோம், கூட்டத்தில் வேண்டாம்’ என்று வெளியே அழைத்துப் போகிறார். அவர்கள் பேசியது கர்மத்தைப் பற்றி என்று நூல் சொல்கிறது.

அதே சபையில் கார்கியிடம், அளவுக்கு மீறிக் கேட்காதே, தலை விழுந்துவிடும் என்று யாக்ஞவல்கியர் எச்சரிப்பார். ‘பார், பெண்ணைக் கேட்க விடவில்லை’ என்று இந்த ஒரு வரியை மட்டும் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். முழுக்கப் படிக்க வேண்டும். கார்கி சபையின் சம்மதம் பெற்று மறுபடி எழுந்து இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கிறார். பதில் கேட்டபின், இவரை வணங்கித் தப்பித்தாலே பெரிது, உங்களில் யாராலும் இவரை வெல்ல முடியாது என்று சபைக்குச் சொல்வதும் அவர்தான்.

அப்புறம், உங்கள் குழுவில் சண்டை வரும். வரட்டும், ஆனால் எந்தச் சண்டை என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் தர்க்க நூலான நியாய சாஸ்திரம் மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை தெரிய வேண்டும் என்று பேசுவது வாதம். ஜெயிக்க வேண்டும் என்பதற்காக எந்த உத்தியையும் கையாள்வது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலை இல்லாமல் மற்றவர் சொல்வதை உடைப்பது மட்டுமே விதண்டை. நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். யாராவது மறுக்க விரும்பினால், முதலில் மற்றவர் சொன்னதை அவரே ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். இது நாங்கள் கண்டுபிடித்த வழி அல்ல. பூர்வபட்சம் (எதிர்த்தரப்பின் கருத்து) சொல்லி அப்புறம் சித்தாந்தம் (தன் முடிவு) சொல்வது நம் ஆசாரியர்களின் முறை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்ற பகுதி முழுவதும் பிற சமயக் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

சரி, பக்தி. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில், தன்னிடமே மனத்தையும் உயிரையும் வைத்தவர்கள் என்ன செய்வார்கள் என்று கண்ணன் சொல்கிறான்: ஒருவருக்கொருவர் எடுத்துரைப்பார்கள், என்னைப் பற்றியே பேசுவார்கள், அதில் மகிழ்வார்கள். பக்தர்களின் இயல்பாகவே கலந்து பேசுவதை அவன் சொல்கிறான். ஆசாரியர் நூலை விளக்கச் சீடர்கள் கூடிக் கேட்கும் வைணவக் காலட்சேப மரபைப் பாருங்கள். நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விளக்கங்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ‘ஈடு’ என்ற உரையில், சீடர் இப்படிக் கேட்டார், ஆசாரியர் இப்படி அருளினார் என்று எத்தனை இடங்கள்! ஆழ்வார் பாசுரத்தில் உருகிக் கரைந்தவர்கள்தான் அத்தனை கேள்வியும் கேட்டார்கள்.

சைவத்தில் உமாபதி சிவாச்சாரியாரின் வினா வெண்பா இருக்கிறது. 13 வெண்பாக்களில் பெரும்பாலானவை குருவைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள். ஒளியும் இருளும் ஓரிடத்தில் கூடாதே, கொடுவினையேனாகிய என் முன்னால் நீ எப்படி வந்து நின்றாய் என்பது முதல் கேள்வி. முதல் தடவை சத்தமாக வாசித்தபோது எங்களில் யாராலும் உடனே பேச முடியவில்லை. கேள்வியே அன்பாக இருக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எப்படித் தொடங்குவது என்றால், பொதுவாக ‘ஆன்மிகம் பேசலாம்’ என்று உட்காராதீர்கள். அரை மணி நேரத்தில் பேச்சு எங்கேயோ போய்விடும். நடுவில் ஒரு நூல் இருக்கட்டும். ரமணரின் ‘நான் யார்?’ நல்ல தொடக்கம். 1902 வாக்கில் விருபாட்சக் குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்போது மௌனமாக இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களிலிருந்து உருவானது. சிறிய நூல், எளிய தமிழ். ஒரு அமர்வுக்கு ஒரு கேள்வி போதும். விவரம் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் பாக்கியம். இல்லாவிட்டால் நல்ல உரை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சைவ சித்தாந்தம் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் (அதிலேயே நிலைத்திருத்தல்) என்று வரிசை சொல்கிறது. கேட்ட அன்றைக்கே தெளிந்துவிட வேண்டும் என்று யாரையும் அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில், பதில் கிடைக்காத கேள்விகளைக் கேட்டவர் பெயரோடு எழுதிவையுங்கள். ஊருக்கு ஒரு பண்டிதரோ துறவியோ வரும்போது, கேட்டவர் அன்றைக்கு வராவிட்டாலும் இன்னொருவர் அவருக்காக எழுந்து அதைக் கேட்கலாம்.